பச்சைத் தொட்டியின் இடது சக்கரம்

அக்டோபர் 3, வெள்ளி

குப்பைத் தொட்டியின் இடது சக்கரம் இன்று காலை கழன்று, எனக்கு முன்னால் தானாகவே கொஞ்ச தூரம் ஓடி, பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்ட பள்ளத்தில் விழுந்தது. பால் பூத்துக்கு இன்னும் பாதித் தெரு இருந்தது. குப்பை வண்டி இப்போதெல்லாம் அங்கேதான் நிற்கிறது. முன்பு வாசலுக்கே வரும். தெருவைத் தோண்டியதிலிருந்து, முனைக்குக் கொண்டு வாங்க என்று மணியடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தோண்டியவர்களைக் காணவில்லை. பள்ளம் மட்டும் இருக்கிறது.

வண்டி போய்விட்டது. ஒற்றைச் சக்கரத்தோடு தொட்டியைத் திருப்பி வீடுவரை கொண்டுவந்தேன். வெகுநேரம் ஆயிற்று. எதிர்வீட்டுத் தெய்வானை தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

“விட்டுப்போட்டு வாங்க்கா. அதெங்க போகப் போகுது? நான் அப்பறமா இழுத்துட்டு வந்து வெக்கறேன்.”

“வேண்டாம். நீ போய் வேலையப் பாரு.”

நடுத்தெருவில் விட்டுவிட்டு எப்படி வர முடியும்? யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

சக்கரத்தைப் பள்ளத்திலிருந்து அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். நடுவில் அச்சுக் கம்பி நுழையும் இடம் இரண்டாக விண்டு போயிருக்கிறது.

அக்டோபர் 4, சனி

தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அப்படிச் செய்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சக்கரம் கைக்கு எட்டுகிறது. கவிழ்ப்பதற்கு முன் உள்ளே இருந்த செங்கற்களை எடுத்து வைத்தேன். ஆடிக் காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று போட்டவை, அப்படியே கிடக்கின்றன.

விண்ட இடத்தில் பசை வைத்து, மேலே கட்டுக்கம்பி சுற்றி முறுக்கினேன். பசை விரலில் ஒட்டிய அளவு சக்கரத்தில் ஒட்டவில்லை. கம்பி குத்தி ரத்தம். மத்தியானம் சமைக்கவில்லை, தயிரும் அவலும் போதும் என்று தோன்றியது. நின்றுகொண்டு தோசை ஊற்ற இந்தப் புழுக்கத்தில் யாரால் முடியும்?

அக்டோபர் 7, செவ்வாய்

கம்பி அறுந்துவிட்டது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 8, புதன்

வலது முழங்கையில் மஞ்சள் பற்று. தெய்வானை சுக்குக் கஷாயம் கொண்டு வந்தாள். எதற்கு என்றேன். “சும்மாங்க்கா” என்றாள். சும்மா யாராவது கஷாயம் கொண்டு வருவார்களா?

அக்டோபர் 9, வியாழன்

திருப்பூரிலிருந்து தம்பி திருமூர்த்தி கூப்பிட்டான். மூச்சு விடாமல் பேசினான்.

“கீழ் ரூம உனக்குன்னே காலி பண்ணி வெச்சிருக்கறேன். பாத்ரூம்ல புடிச்சுக்கக் கம்பியெல்லாம் போட்டாச்சு. அந்த வீட்ட வாடகைக்கு உட்டுப்போட்டு நீ இங்க வந்துரு. ஒத்தையில கெடந்து எதுக்கு இந்தச் சீரழிவு?”

“என்ன சீரழிவு? தொட்டிச் சக்கரம் ஒடஞ்சு போச்சு. அவ்வளவுதான்.”

“சக்கரத்தப் பத்தி நானெங்க கேட்டேன்?”

அப்போதுதான் புரிந்தது, யார் போன் செய்திருப்பார்கள் என்று. எதிர்வீட்டுக்காரிக்கு அவன் எண்ணை நான் கொடுக்கவில்லை. போன வருடம் பொங்கலுக்கு வந்தபோது இவனே கொடுத்திருக்க வேண்டும். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைக் காவல் காக்கிறார்கள்.

மூன்று வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிப்போனது. அந்தக் காலோடுதான் சிங்காநல்லூரிலிருந்து டெலிபோன் ஆபீசுக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போனேன். பெண்கள் பகுதியில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போவதாகச் சொல்லி நின்றுகொண்டே போவேன். ரிட்டயர் ஆகும்வரை ஒரு கோல்கூடப் பிடித்ததில்லை. வலது கால் இரும்பு மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தச் சௌந்தரம் யாருக்கும் பாரமாக இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

தீபாவளிக்கு வந்து அழைத்துக்கொண்டு போகிறானாம். வரட்டும், பார்க்கலாம்.

அக்டோபர் 10, வெள்ளி

மணிச் சத்தம் கேட்டது. வண்டி வந்தது, நின்றது, போனது. வாசலில் இரண்டு பை குப்பை. வாதாம் மரம் வேறு, தட்டுத் தட்டாக இலையைப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

தெய்வானை கேட்டருகில் நின்று சொன்னாள். “கவர்ல கட்டிக் குடுங்க்கா. எங்க வீட்டுதக் கொண்டு போறப்ப உங்களதையும் போட்டுடறேன். ஒரு நிமிச வேலை.”

“வேண்டாம் கண்ணு.”

“ஏனுங்க்கா? குப்பை போகோணும், அவ்வளவுதானுங்களே?”

உள்ளே வந்துவிட்டேன். சிலருக்கு எல்லாமே சுலபம்.

அக்டோபர் 11, சனி

தொட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று ஒரு பெண் குரல், பிறகு பாட்டு, மறுபடியும் அதே குரல். லைனில் இருங்கள் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது வேண்டியதுதான். கடைசியில் ஒரு ஆள் வந்து, சக்கரம் தனியாக விற்பதில்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஆட்டோ பிடித்து பிளாஸ்டிக் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது குப்பைக்கு ஒடையற சக்கரம் இல்லீங்களே. என்ன கனம் ஏத்துனீங்க?”

“இலை.”

“இலையா?”

“ஈர இலை.”

புதுத் தொட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துப் பார்த்தேன். எல்லாமே குட்டை. கைப்பிடி என் தொடை உயரம்கூட இல்லை. அதன்மேல் சாய்ந்தால் முகங்குப்புற விழ வேண்டியதுதான். சாய்ந்தால் இல்லை, தள்ளினால் என்று எழுத வந்தேன். தள்ளினால் முதுகு வலிக்கும். என் தொட்டி நல்ல உயரம். வாதாம் இலைக்காகவே பெரிதாகப் பார்த்து வாங்கியது.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் ஒரு பழைய சாமான் கடையில் நிறுத்தினார். நான் இறங்கவில்லை. அவரே உள்ளே போய், உடைந்த தொட்டி ஒன்றிலிருந்து கழற்றிய சக்கரத்தோடு வந்தார். பழைய சக்கரத்தோடு வைத்துப் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஓட்டை பெரிது. அச்சில் மாட்டினால் சக்கரம் குடிகாரன் மாதிரி ஆடுகிறது. நேற்றே தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோவை விட்டு இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி ஓட்டைக்குள் நுழைத்தேன். முதல் துண்டு தளர்வு. இரண்டாவது இறுக்கம். மூன்றாவதைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து அழுத்தினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. கைதட்ட ஆள் இல்லை. நானே தட்டிக்கொண்டேன்.

ஆனால் சக்கரம் வெளியே நழுவாமல் பிடிக்க நுனியில் இருந்த மூடி உடைந்துவிட்டது. அச்சின் நுனியில் குறுக்கே ஒரு ஓட்டை போட்டு ஆணி செருகினால்தான் நிற்கும். இரும்புக் கம்பி. அதற்கு லேத் பட்டறைதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

பின்தெருப் பட்டறைக்கு எந்த ஆட்டோவும் வரமாட்டேன் என்கிறது. இவ்வளவு பக்கத்துக்கு எதற்கு என்கிறார்கள், நடந்தே போகலாமே என்கிறார்கள். வேறு வழியில்லாமல் அச்சுக் கம்பியைத் தெய்வானையிடம் கொடுத்தனுப்பினேன். வாதாம் குச்சியில் அளவு வெட்டிக் கொடுத்து, இந்த இடத்தில் ஓட்டை என்று சாக்பீசால் கோடும் போட்டுக் கொடுத்தேன்.

மழையில் நனைந்துகொண்டு வந்தாள். கோடு அழிந்துவிட்டதாம். அந்த ஆள் அவசரத்தில் நுனி ஓரமாகப் போட்டுவிட்டான். சக்கரத்துக்கும் ஆணிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

“ஒரு கோட்டப் பாத்து ஓட்டை போடச் சொல்லத் தெரியாதா உனக்கு?” என்றேன்.

அவள் முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

“உங்களுக்குச் சக்கரந்தான் பெருசுன்னா சரிங்க்கா. அன்னிக்கு நான் பாத்து ஓடி வரலீன்னா அந்தப் பள்ளத்துக்குள்ள கெடந்திருப்பீங்க. அதப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க. குப்பையக் குடுங்கன்னாலும் குடுக்க மாட்டேங்கறீங்க. நான் என்னதான் பண்ணட்டும்?”

போய்விட்டாள். மிகைப்படுத்துகிறாள். பள்ளத்துக்குள் எல்லாம் இல்லை, ஓரம்தான். எழுந்திருக்க நேரமானதற்குக் காரணம் சேறு.

அக்டோபர் 16, வியாழன்

மழை. தையல் மிஷின் சத்தம் கேட்கிறது. அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இடைவெளியை வாஷர் போட்டு நிரப்பலாம் என்று நேற்றே தோன்றியது. ஹார்டுவேர் கடைக்குப் போன் செய்து பையனிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். அவர்கள் அனுப்பியது சின்ன அளவு. மறுபடியும் போன். மறுபடியும் காத்திருப்பு.

ஒரு வாரமாகக் கூடத்து நாற்காலியில்தான் தூங்குகிறேன். அங்கே மின்விசிறிக் காற்று நன்றாக வருகிறது. கட்டிலும் தாழ்வு.

அக்டோபர் 17, வெள்ளி

ஓடுகிறது!

வாஷர்களை அடுக்கி, ஆணியைச் செருகி, நுனியை வளைத்து, சக்கரத்தைச் சுழற்றினேன். ஆட்டமில்லை, கிறீச்சில்லை. செங்கற்களைப் போட்டு, குப்பைப் பைகளை மேலே வைத்து, மணி அடிப்பதற்கு முன்பே கிளம்பினேன். சாய்த்து ஓர் எட்டு உருட்டுவேன், நிமிர்த்துவேன், பிறகு நான் போய்ச் சேர்ந்துகொள்வேன். அப்படியே பால் பூத் வரை.

வண்டியில் வரும் பெண் பைகளை எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“ஏம்மா, அடியில கல்லு கெடக்குது? இதையும் சேத்தித் தள்ளிட்டு வர்றீங்க?”

“அது இருக்கட்டும்.”

சிரித்துவிட்டு மணியடித்துக்கொண்டு போனாள். பூத்தில் ஒரு காப்பி குடித்தேன். அங்கே நின்று தெருவைப் பார்த்து இரண்டு வாரமாகிறது. ஒன்றும் மாறவில்லை. பள்ளம் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று வண்டி கிடையாது. இருந்தாலும் சக்கரம் தாங்குகிறதா என்று பார்க்கத் தொட்டியைப் பூத் வரை கொண்டு போய் வந்தேன். செங்கல் மட்டும்தான் இருந்தது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. மளிகைக் கடையிலும் கொஞ்சம் வேலை இருந்தது. பூக்காரியிடம் நின்று பேசினேன். “என்னம்மா, ஞாயித்துக்கெழம குப்பை?” என்று கேட்டாள். தீபாவளிக் குப்பை என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் வைத்துக் குளித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடிதான். தெய்வானை வந்து, வாசற்படியில் நின்று, “வாயத் தொறங்க்கா” என்று ஒரு துண்டு மைசூர்பாகைத் திணித்துவிட்டுப் போனாள். நல்ல நெய். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாயில் மைசூர்பாகு இருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

திருமூர்த்தி வந்தான். நேற்றே வர வேண்டியவன், பனியன் கம்பெனி ஆட்களுக்கு போனஸ் கொடுத்து அனுப்புவதிலேயே பொழுது போய்விட்டதாம். காரை முனையில் நிறுத்திவிட்டு, இரண்டு கையிலும் பலகாரப் பையோடு பள்ளத்து ஓரமாக நடந்து வந்தான். நான் தொட்டியோடு கேட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தேன். வீட்டு முன்னால் குவிந்த பட்டாசுக் காகிதமும் இலையுமாகத் தொட்டி நிறைந்திருந்தது.

“இன்னிக்குமா இந்த வேலை? குடுக்கா, நான் தள்றேன்.”

“நானே பாத்துக்கறேன்.”

“அட, குடு.”

பைகளைக் கேட்டில் மாட்டிவிட்டு, கைப்பிடியை என் கையிலிருந்து வாங்கினான். வாங்கியதும் “என்ன இந்தக் கனம் கனக்குது?” என்றபடியே நடக்க ஆரம்பித்தான். அவனுக்கு எப்போதும் வேகம்தான். கீழ் ரூமுக்கு ஜன்னல் பெரிதாக வைத்திருப்பதைப் பற்றி, அவன் மனைவி சுகந்தி எனக்காகவே துளசி வைத்திருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். நான் பக்கத்தில் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேசினான்.

நான் அவன் விட்ட இடத்திலேயே நின்றேன்.

கேட் பின்னால் இருந்தது, கைக்கு எட்டாத தூரத்தில். முன்னால் தெரு. நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வலது காலைத் தூக்கு என்று காலுக்குச் சொன்னேன். அது தூக்கவில்லை. தூக்கினால் இடது கால் தாங்காது என்று அதற்குத் தெரிந்திருந்தது. சேலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அது ஏதோ பிடிமானம் போல.

அவன் வெகுதூரம் போன பிறகுதான் திரும்பினான்.

“என்னக்கா, அங்கயே நின்னுட்ட? வா.”

“வர்றேன், நீ போ.”

அவன் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். மூடியைத் திறந்து, காகிதத்தை விலக்கி, உள்ளே என்ன கனம் என்று பார்த்தான். மூடியை மெதுவாக மூடினான். பிறகு தொட்டியைத் திருப்பி உருட்டிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் நிமிர்த்தி வைத்து, கைப்பிடியை என் பக்கமாகத் திருப்பினான்.

பிடித்துக்கொண்டேன். நடக்க ஆரம்பித்தேன், சாய்த்து, உருட்டி, நிமிர்த்தி. பள்ளத்தின் பக்கமாக அவன் நடந்தான். அவன் இவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை.

பூத் போய்ச் சேர்ந்தால் வண்டி இல்லை. தீபாவளி மறுநாள், ஆட்கள் லீவு என்றார் பூத்காரர். இத்தனை பாடுபட்டு வந்தால் லீவாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் தொட்டியை உதைத்திருப்பேன். உதைக்க ஒரு கால் தனியாக வேண்டும்.

நிறைந்த தொட்டியோடு அப்படியே திரும்பினோம். பாதித் தெருவில்தான் கேட்டான்.

“எத்தன நாளா இப்பிடி?”

நான் நிறுத்தினேன். மூச்சு வாங்கியது.

“ஆடியில இருந்து.”

“அதுக்கப்பறம் விழுந்தது எத்தன தடவ?”

“தெய்வானை பாத்தது ஒரு தடவ.”

“பாக்காதது?”

சொன்னேன். இதுவரை எழுதாதவற்றையும் சொன்னேன். கொல்லைப்புறத்தில் விழுந்தது, குளியலறையில் விழுந்து பொழுது சாயும்வரை எழ முடியாமல் கிடந்தது. நல்ல காலும் போய்க்கொண்டிருக்கிறது சாமி, என்றேன். அதைச் சொன்னபோதுதான் அது உண்மை என்று எனக்கும் உறைத்தது.

திருமூர்த்தி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணைத் துடைத்தான். “ஏன்க்கா என்றகிட்டச் சொல்லல?” என்றான்.

“சொன்னா கூட்டிட்டுப் போயிருவ.”

“ஆமா, போயிருப்பேன்.” பிறகு, “சரி, கூட்டிட்டுப் போகல. டாக்டரையாவது பாக்கலாமா?” என்றான்.

தெய்வானை தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருப்பாள். “தெய்வானை, காப்பி போடறேன், வா,” என்று கூப்பிட்டேன். “நீங்க உக்காருங்க, நான் போடறேன்,” என்று வந்தாள். உட்கார்ந்தேன்.

அக்டோபர் 25, சனி

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, ஒரு காலைப்பொழுது முழுக்கக் காத்திருந்தோம். கார் நின்ற இடத்திலிருந்து உள்ளே போகும்வரை திருமூர்த்தியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவன் குனிந்தே நடந்தான். நடுவில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண். இரண்டு காலையும் தட்டி, மடக்கி, தள்ளச் சொல்லிப் பார்த்தாள். சிறு வயதில் போலியோ வந்தவர்களுக்கு வயதான பிறகு இப்படித் தசை தளர்வது உண்டாம். “இவ்வளவு வருஷமா ரெண்டு கால் வேலையை ஒரே கால் பாத்திருக்கு. அதுக்கு ரெஸ்ட் குடுங்கம்மா,” என்றாள். பழையபடி ஆகுமா என்று கேட்டேன். ஆகாது, ஆனால் இன்னும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மழுப்பாமல் சொன்னாள். கோபம்தான் வந்தது, ஆனால் அவள்மேல் இல்லை.

இடது காலைத் தாங்கிப் பிடிக்கப் பட்டை, பிடித்து நடக்க வாக்கர். அளவெடுத்திருக்கிறார்கள். வர ஒரு வாரம் ஆகுமாம். எல்லாவற்றுக்கும் ஒரு வாரம்.

இறக்கிவிட்டுப் போகும்போது திருமூர்த்தி சொன்னான். “ரூம் அப்பிடியே இருக்கும். நீ எப்பச் சொல்றயோ அப்ப.”

மார்கழிக் குளிர் போகட்டும் என்றேன். முடியாது என்று சொல்லவில்லை. அவனும் அதைக் கவனித்தான்.

அக்டோபர் 28, செவ்வாய்

பள்ளத்தில் குழாய் இறக்குகிறார்கள். புழுதி, சத்தம், தெரு இன்னும் குறுகிவிட்டது. யாரிடம் சொல்லி என்ன பயன்?

காலையில் தெய்வானை வந்து குப்பைப் பைகளைக் கேட்டாள். கொடுத்தேன். ஒரு கையில் அவள் வீட்டுப் பை, மறு கையில் என் வீட்டுப் பை. மணி அடித்ததும் போய்ப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னபடி ஒரு நிமிட வேலைதான்.

வண்டி போனதும், செங்கற்கள் மட்டும் கிடந்த தொட்டியை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். குழாய் இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்தி வழிவிட்டார்கள். பூத்காரர் பார்த்தார், பூக்காரி பார்த்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால், நடக்கப் போகிறேன் என்றே சொல்லியிருப்பேன்.